வாயு என்று எழுதியிருக்கலாம்

காசிமேடு
4 நவம்பர் 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

நைனா எழுதுவது. நேற்றுச் சாயங்காலம் உன் நைனாவின் மானம் நடுக்கடையில் ஏலம் போனது. அம்மா போனில் மசாலா சேர்த்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டால் சேதாரம் கொஞ்சம் குறையும்.

மணலிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பியது. கூடவே ஒரு நாற்றம். அழுகின முட்டையா, அடுப்பில் கசிகிற கேஸா என்று சொல்ல முடியவில்லை, கண் மட்டும் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நம் மெடிக்கல் வாசலில் ஒரு தெருவே நின்றது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "கேஸ் மாத்திரை குடு நைனா." காற்றில் கேஸ் வந்தால் கேஸ் மாத்திரை போட வேண்டியதுதானே. என்ன தப்பு?

நானும் டி.பார்ம் படித்தவன் இல்லையா. ஸ்டூல் மேலே ஏறி நின்றேன். "இது வெளியில கீற கேஸு. மாத்திரை வயித்துக்குள்ள கீற கேஸுக்கு. இதுக்கு அது கேக்காது. மூஞ்ச கழுவு, வூட்டுக் கதவ சாத்து, மூச்சு முட்டுச்சின்னா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று தேர்தல் கூட்டம் மாதிரி பேசினேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்தது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. ஒரு கேஸ் மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டு, தண்ணீரும் குடித்துவிட்டேன். ஸ்டூல் மேலே நின்றபடி.

மீன்கார குப்பம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா நைனா, எங்களுக்குக் கேக்காதாம், உனக்கு மட்டும் கேக்குமா?"

"இது வேற கேஸு குப்பம்மா."

"வேற இன்னா வேற? எங்கள மட்டும் மூணு கேள்வி கேட்டுட்டுத்தான் தருவ. உன்ன யாரு கேக்குறது?"

சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. உனக்குத்தான் தெரியுமே, நாற்பது வயது தாண்டியவர் யார் வந்து கேஸ் மாத்திரை கேட்டாலும் நான் மூன்று கேள்வி கேட்காமல் தருவதில்லை. இந்த ஏரியாவில் எனக்கு 'மூணு கேள்வி' என்றே பேர். அந்தப் பேருக்கு நேற்று நல்ல மரியாதை.

மற்ற மருத்துவச் செய்தி: உடம்பு இளைக்கிற ஊசி காசிமேடு வரைக்கும் வந்துவிட்டது. மருந்து வரவில்லை, பேச்சு வந்துவிட்டது. ஒரு மீன்பிடி போட்டுக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அந்த ஊசி கீதா?" என்றார். டாக்டர் சீட்டு வேண்டும் என்றேன். பக்கத்தில் நின்ற குப்பம்மாவுக்குப் பெரிய கவலை. "அத்தப் போட்டா பசிக்காதாமே? அப்ப எவன் வஞ்சிரம் வாங்குவான்? அத மொதல்ல தடை பண்ணச் சொல்லு" என்கிறாள். மீன் வியாபாரத்தை அழிக்க வந்த ஊசி என்று துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். "போன்ல பேசினா நீ பேசியே ஜெயிச்சுடுவ, இன்னா சொல்லணுமோ எழுதி அனுப்பு, எழுதறப்பவாவது யோசிப்ப" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். கோபத்தில் சொன்னாய் என்று தெரியும். நான் அதை டாக்டர் சீட்டு மாதிரி அப்படியே எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டாய், சரி. போஸ்ட்மேனை எடுக்க முடியாது பார்.

நான் அந்தக் குரூப்பில் எழுதினதில் தப்பில்லை. யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உன் நைனா
பொன்னுரங்கம்

*

ஓசூர்
10 நவம்பர் 2025

நைனா,

கடிதம் வந்தது. உன் மாப்பிள்ளை அறிவு படித்துவிட்டுச் சிரித்தார். அவருடைய அப்பாவுக்கு, என் மாமாவுக்கு, நீ குரூப்பில் எழுதினது நினைவுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என் நிலைமை புரிகிறதா?

தப்பில்லை என்கிறாய். நடந்ததை எழுதுகிறேன், நீயே படி. மாமா குரூப்பில் இஞ்சி பூண்டு எலுமிச்சைக் கஷாயம் பற்றிப் போட்டார். இதயத்தில் அடைப்பு இருந்தால் கரைத்துவிடும் என்று யாரோ அனுப்பினது. அவர் நல்லதென்று நினைத்துப் போட்டார். அதற்குக் கீழே நீ போட்டது இது, எழுத்து மாறாமல் எழுதுகிறேன்:

"இதெல்லாம் கேஸுக்குத்தான் லாயக்கு சம்பந்தி"

நீ வயிற்று வாயுவைச் சொன்னாய். எனக்குத் தெரியும். ஆனால் மாமாவுக்கும் அவர் கூடப் பிறந்த தம்பிக்கும் எண்ணூர் வீட்டுக்காகக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது என்று உனக்கும் தெரியும்தானே. மறுநாள் வாய்தா. அந்தத் தம்பியும் அதே குரூப்பில் இருக்கிறார். அவர் பெண்டாட்டி உன் செய்திக்குக் கீழே கண்ணில் தண்ணி வர சிரிக்கிற பொம்மையை வரிசையாகப் போட்டாள். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "பொண்ணு குடுத்த வூட்டுக்காரரே என்ன கேஸுக்குத்தான் லாயக்குன்னு சொல்லிட்டாரு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அதற்குப் பிறகு உன் பேச்சையே எடுப்பதில்லை.

உன்னைக் காலில் விழச் சொல்லவில்லை. எண்ணூர் நம் திருவொற்றியூர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு நடை போய், "நான் வாயுவைச் சொன்னேன் சம்பந்தி" என்று சொன்னால் முடிந்துவிடும்.

இன்னொன்று. கேஸ் மாத்திரை உன் சட்டைப் பையில் எதற்கு இருக்கிறது? கடையில் ஒரு ரேக் நிறைய இருக்கும்போது பையில் எதற்கு?

கார்குழலி

*

காசிமேடு
17 நவம்பர் 2025

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து நான்கு முறை படித்தேன். கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். வயிற்றில் இருப்பதும் கேஸ், கோர்ட்டில் இருப்பதும் கேஸ். இரண்டுக்கும் ஒரே எழுத்து. நான் ஒரு எழுத்துகூடப் பிழையாகப் போடவில்லை. மன்னிப்பு கேட்பதென்றால் தமிழ்தான் கேட்க வேண்டும்.

சிரித்துவிட்டாயா? சிரித்தால் பாதி கோபம் போச்சு.

சம்பந்தி வீட்டுக்குப் போகலாம்தான். அவர் வாசலில் நாலு படி ஏறி நின்று, "சம்பந்தி, நான் சொன்னது உங்க வயித்த" என்று எப்படி ஆரம்பிப்பது? அது இன்னொரு கேஸ் ஆகிவிடும். கொஞ்ச நாள் போகட்டும்.

சட்டைப் பை விஷயம். மீன்காரர் வீட்டில் மீன் இருக்காதா? தொழில் செய்கிறவன் பையில் தொழில் இருக்கும். கொஞ்ச நாளாய் எரிச்சல், அவ்வளவுதான். உன் அம்மா வைக்கிற நெத்திலிக் குழம்பை ஒரு நாள் விருந்துக்கு வருகிறவர்கூடத் தாங்க மாட்டார், நான் முப்பது வருஷமாய்த் தாங்குகிறேன். அம்மாவிடம் இந்த வரியைப் படித்துக் காட்டாதே.

செய்தி கேள். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டியதில்லை, அதைவிடக் குறைவாக நடந்தாலே போதும் என்று புது ஆராய்ச்சி வந்திருக்கிறது. பேப்பரில் பார்த்ததும் எனக்கு யாரோ தள்ளுபடி கொடுத்த மாதிரி இருந்தது. நம் பில்டிங் லிப்ட் இன்னும் ரிப்பேர். மூன்று மாடியும் நடைதான். இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்த்துவிட்டு ஏறுகிறேன். அழகாகத்தான் இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்கவில்லை.

ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்ட ஜூஸ் டப்பாவை எல்லாம் கடையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நல்ல காரியம். பேர் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்றால் ஜனங்கள் ஏமாந்துதான் போவார்கள். நான் இதைப் பெருமையாகச் சொல்லப் போக, குப்பம்மா "உன் கஷாய மேட்டர் மாதிரியா?" என்றாள். அவள் வரைக்கும் கதை போயிருக்கிறது. உன் அம்மாவின் விநியோகம்.

இடது தாடையில் பல் வலி வேறு. இலவங்கம் வைத்திருக்கிறேன். மழை பெய்தும் புழுக்கம் குறையவில்லை, மாடி ஏறினால் சட்டை நனைந்துவிடுகிறது. இதைத் தவிர நைனா சூப்பர்.

உன் நைனா

*

ஓசூர்
21 நவம்பர் 2025

நைனா,

நான் சிரிக்கவில்லை.

அந்த லாரி வரிசையை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ பார்க்கிறாய். அது ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று தினம் திட்டுவாய். இப்போது அழகாக இருக்கிறதா? நீ லாரியைப் பார்க்க நிற்கவில்லை. நிற்க வேண்டி வந்தது, அங்கே ஜன்னல் இருந்தது.

எனக்கு எட்டு வயதில், லீவு நாளில் உன் கூடக் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பெட்டி தூக்குகிற ஒருவர் வந்து கேஸ் மாத்திரை கேட்டார். நீ மூன்று கேள்வி கேட்டாய். அவர் பதில் சொல்லி முடிக்கும் முன்னே நீ ஷட்டரை இறக்கிவிட்டு, என்னைப் பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாய். திரும்பி வரும்போது எனக்கு வாழைப்பழம் வாங்கி வந்தாய். "அந்த மாமாக்கு கேஸா நைனா?" என்று கேட்டேன். "கேஸுன்னு சொல்லிக்கினு வருவாங்கம்மா, நாமதான் கேக்கணும்" என்றாய்.

அதனால் கேட்கிறேன். இப்போது நான் கவுண்டருக்கு உள்ளே நிற்கிறேன், நீ வெளியே நிற்கிறாய் என்று வைத்துக்கொள். உன் வயது ஐம்பத்தெட்டு. நெஞ்சு எரிகிறது, தாடை வலிக்கிறது, கேஸ் மாத்திரை கொடு என்கிறாய்.

நடந்தால் வருகிறதா?
நின்றால் போகிறதா?
வேர்க்கிறதா?

ஜோக் இல்லாமல் பதில் எழுது. ஆமாம், இல்லை, அது போதும். குழம்பைப் பற்றி எழுதாதே, குப்பம்மாவைப் பற்றி எழுதாதே.

மாமா விஷயம் அப்படியே இருக்கட்டும். அது இப்போது அவசரம் இல்லை.

கார்குழலி

*

திருவொற்றியூர்
25 நவம்பர் 2025

கார்குழலி,

ஆமாம்.
ஆமாம்.

மூன்றாவதற்கு, காசிமேட்டில் வேர்க்காதவன் எவன் என்று எழுதி, அடித்துவிட்டேன். நீ ஜோக் வேண்டாம் என்றாய். ஆமாம்.

இந்த மூன்று பதிலையும் வேறு யாராவது என் எதிரில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். நீ எழுதித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. ஆனால் கவுண்டரில் இந்தப் பக்கம் நின்றால் காது கேட்காது போலிருக்கிறது.

திங்கட்கிழமை போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுகிறேன். அம்மாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். சனிக்கிழமை வரைக்கும் கடையில் ஸ்டாக் வருகிறது, நான் இல்லாவிட்டால் யார் பார்ப்பார்கள். அதுவரைக்கும் மெதுவாக ஏறுகிறேன்.

நீ கவலைப்பட்டு ஓடி வராதே. உன் கம்பெனியில் லீவு கொடுக்க மாட்டார்கள்.

நைனா

*

ஓசூர்
28 நவம்பர் 2025

நைனா,

உறையில் ஸ்டாம்ப் இருக்காது, பார். இதைக் கொண்டு வந்திருப்பவர் மாமா.

உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. உடனே போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கோபத்தில் இல்லை, எனக்குத் தெரியும், எடுத்தால் நான் ஜெயித்துவிடுவேன் என்றுதான் எடுக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தால், "திங்கக்கெழம போறேன்னு சத்தியம் பண்ணிகீறாரும்மா" என்கிறாள். உன் சத்தியத்தை நான் உன்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

மாமா இரண்டு நாளாய் இங்கேதான் இருக்கிறார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். உன் பேரைச் சொல்லத் தயங்கினேன். "படிச்சுக் காட்டும்மா" என்றார். உன் பழைய கடிதங்களையும் சேர்த்துப் படித்தேன். வேறு என்ன செய்ய? தமிழ் மன்னிப்பு கேட்க வேண்டும் என்கிற இடத்தில்கூட "மேல படிம்மா" என்றுதான் சொன்னார். மூன்றாவது 'ஆமாம்' வந்ததும் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். எனக்கும் அறிவுக்கும் நாளைக்குத்தான் கிளம்ப முடியும், பின்னாலேயே வருகிறோம்.

படித்து முடித்ததும் வெளியே பார். ஆட்டோ நிற்கும். அவரிடம் ஜோக் அடிக்காதே. ஷட்டரை இறக்கு.

கார்குழலி

*

திருவொற்றியூர்
13 டிசம்பர் 2025

அன்புள்ள கார்குழலிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் பக்கத்திலேயே இருந்தாய். ஆனாலும் நடுவில் எத்தனை பேர், எத்தனை டியூப், சரியாகப் பேச முடியவில்லை. போனிலும் பேசலாம், இப்போதுதான் எடுக்கிறோமே. இருந்தாலும் எழுதினால்தான் எனக்கு யோசனை வருகிறது. நீ கொடுத்த மருந்து வேலை செய்கிறது.

நீ வருவதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை. நல்ல மழை. மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தால் சம்பந்தி நிற்கிறார். தலையில் பிளாஸ்டிக் பை, கையில் உன் கடிதம், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்க். கடிதத்தை நீட்டினார். நான் அங்கேயே நின்று படித்தேன். படித்து முடித்ததும்,

"கெளம்புங்க சம்பந்தி" என்றார்.

"இந்த ஸ்டாக்க மட்டும் எண்ணி வச்சிட்டு..."

"ஸ்டாக்க நான் வந்து எண்றேன். இப்ப நீங்க எண்ணிக்கினு இருந்தா உங்கள வேற ஆளு எண்ண வேண்டியதாப் போயிடும்."

ஜோக் அடிக்கக் கூடாது என்று நீ எனக்குத்தான் சொல்லியிருந்தாய், அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஷட்டரை அவரே இறக்கினார். எதிரில் மீன் கூடையோடு நின்ற குப்பம்மா, "இன்னா நைனா, பகல்ல மூடற?" என்றாள். "மூணு கேள்விக்கும் பாஸ் பண்ணிட்டேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நடு ரோட்டில் போய் நின்று எங்கள் ஆட்டோவுக்காக லாரியை நிறுத்தினாள். அவள் ஒருத்திக்குத்தான் அந்த ரோட்டில் லாரி நிற்கும்.

ஆட்டோவில் சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். நாடி பார்க்கிறாரா, நான் குதித்து ஓடிவிடுவேன் என்று பிடித்தாரா, தெரியவில்லை. ராயபுரம் பாலத்தில் தண்ணீர் நின்று வண்டி நகரவில்லை. அப்போதுதான் கேட்டார்.

"அன்னிக்கு இன்னாத்துக்கு சம்பந்தி அப்டி எழுதுனீங்க?"

"நான் வயித்து வாயுவச் சொன்னேன் சம்பந்தி."

மடியிலிருந்த பிளாஸ்க்கை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"வாயுன்னு எழுதிருக்கலாமே."

"எழுதிருக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு மாசம் உன்னையும் அறிவையும் ஆட்டி வைத்த சண்டை, ஒரு டிராபிக் ஜாமில் முடிந்தது. ஒரு எழுத்தை மிச்சம் பிடிக்கப் போன புத்திசாலி உன் நைனா. அதுகூட இல்லை, எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒரே நீளம்தான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். நடந்தா வருதா, நின்னா போகுதா, வேர்க்குதா என்று கேட்டாள். வரிசைகூட மாறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றாள். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்ததும் நர்சம்மா ஓடினாள். சம்பந்தி அவளை வழி மறித்து, "வெறும் கேஸுதானம்மா?" என்றார்.

"கேஸ் இல்ல பெரியவரே. ஹார்ட் கேஸ்."

"கேஸா, இல்லியா, ஏதுனா ஒண்ணு சொல்லும்மா. கோர்ட்டுல ஏற்கெனவே ஒண்ணு கீது, இன்னொண்ணு தாங்காது."

நான் படுத்துக்கொண்டே சிரித்தேன். வலித்தது. இருந்தாலும் சிரித்தேன்.

அடைப்பு பெரியது, இன்னும் இரண்டு நாள் மாடி ஏறியிருந்தால் அவ்வளவுதான் என்று அந்த டாக்டர் பெண் அப்புறம் சொன்னாள். திங்கட்கிழமை என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்காதே, நானும் போடவில்லை.

இனி மருந்துச் செய்தி. இப்போது எனக்கு மாத்திரை ஆறு வகை. கவரில் காலை, இரவு என்று நானே எழுதிக்கொள்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்து இத்தனை வருஷம் ஜனங்கள் எப்படிச் சரியாகச் சாப்பிட்டார்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. சட்டைப் பை காலி. அம்மா தினம் தடவிப் பார்க்கிறாள். நெத்திலிக் குழம்பு நிறுத்தம். லிப்ட் நேற்று சரியாகிவிட்டது, வேண்டிய காலத்தில் வரவில்லை, நன்றி.

சம்பந்தி என்னை மறுபடியும் குரூப்பில் சேர்த்துவிட்டார். நான் இதுவரைக்கும் ஒரு எழுத்துகூடப் போடவில்லை. அவருடைய தம்பி பெண்டாட்டி ஒரு பழச்சாறு செய்தி போட்டாள், அடைப்பு நீங்குமாம். விரல் துடித்தது. போனைக் குப்புறப் போட்டுவிட்டேன்.

அந்த பிளாஸ்க்கில் என்ன என்று நீ கேட்கவில்லை. கஷாயம்தான். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை. ராத்திரி பஸ்ஸுக்கு முன்னால் உன் சமையலறையில் அவரே காய்ச்சியிருக்கிறார், நீ அழுதுகொண்டிருந்ததில் கவனித்திருக்க மாட்டாய். டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரே டாக்டர் பெண்ணிடம் போய்க் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றதும் ஒரு மூலையில் போய் நின்று, வீணாக்கக் கூடாதென்று அவரே முழுவதும் குடித்தார்.

ஒன்று மட்டும் பாக்கி.

ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட ஆள் வேண்டும் என்றார்கள். அம்மா இன்னும் மழையில் மாட்டிக்கொண்டிருந்தாள், நீங்கள் வழியில். நர்சம்மா சம்பந்தியைப் பார்த்து, "நீங்க இவருக்கு யாரு?" என்றாள். சம்பந்தி என்று சொன்னால், யார் பெண்ணை யார் பையனுக்குக் கொடுத்தது என்று எல்லாம் விளக்க வேண்டும். அதற்கு நேரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ. கூடப் பிறந்தவனோடு கோர்ட்டுக்கு நடக்கிற மனுஷன், சட்டென்று, "அண்ணன்" என்றார். கையெழுத்தும் அப்படியே போட்டார்.

என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது கதவு வரைக்கும் கூடவே வந்தார். "தகிரியமா போய்ட்டு வாங்க" என்றார். நான், "சரி சம்பந்தி, பிளாஸ்க்க மறந்துடாதீங்க" என்றேன்.

'அண்ணே' என்று தொண்டை வரைக்கும் வந்தது கார்குழலி. கேஸ் என்று நினைத்து முழுங்கிவிட்டேன்.

உன் நைனா
பொன்னுரங்கம்